புல்தரையில் களை முளைக்கும் முன்னே மருந்து அடிப்பது: மதுரைப் பக்கத்துக் கணக்கு

மதுரையில் வீட்டு முன்னால் புல்தரை போட்டிருப்பவர்கள் களை மருந்து கேட்டு உரக்கடைக்குப் போவது பெரும்பாலும் ஐப்பசியில்தான். புரட்டாசியில் நாலு மழை பெய்து, காக்காகால் புல்லும் சாரணையும் தலை தூக்கி, காசு கொடுத்துப் பதித்த கொரியன் புல் எங்கே என்று தேட வேண்டிய நிலை வந்த பிறகு. அந்த நேரத்தில் முளைக்கும் முன் அடிக்கிற மருந்தை வாங்கி எவ்வளவு ஊற்றினாலும் பிரயோஜனம் இல்லை, முளைத்து நிற்கிற களையை அது ஒன்றும் செய்யாது. அப்புறம் மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டை. பெரும்பாலும் மருந்து சரியாகத்தான் இருக்கும், அடித்த நாள்தான் தப்பு. அந்த நாளை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு அடிப்பது, அடித்த பிறகு என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் மருந்து என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம், அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். நம் ஊர்க் கடைகளில் இந்த வேலைக்குக் கிடைப்பது பெண்டிமெத்தலின். இது தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும், மண்ணில் இருக்கிற மட்கையும் களியையும் இறுக்கப் பிடித்துக்கொள்ளும். அதனால் மேல் மண்ணில் வெங்காயச் சருகு மாதிரி ஒரு மெல்லிய அடுக்காக நின்றுவிடும், கீழே இறங்காது. விதை முளைத்து, அதன் வேரும் குருத்தும் அந்த அடுக்கைத் தொடும்போது செல் பிரிவது நின்றுபோகும். வேர் குட்டையாகித் தடித்து, மண்ணுக்கு மேலே வருவதற்குள் நாற்று செத்துவிடும். தூங்குகிற விதையை இது கொல்லாது, முளைக்க ஆரம்பித்த விதையைத்தான் பிடிக்கும். ஏற்கனவே ஆழமாக வேர் விட்ட உங்கள் புல் தப்பிப்பதும் இதே காரணத்தால்தான், அதன் வேர் அந்த அடுக்குக்குக் கீழே இருக்கிறது.

இதிலிருந்தே எது கேட்கும், எது கேட்காது என்பதும் வந்துவிடுகிறது. விதையிலிருந்து முளைக்கிற ஒரு பருவக் களைகள் கேட்கும்: காக்காகால் புல், குதிரைவாலி, காட்டுக் கேழ்வரகு, சாரணை, பருப்புக்கீரை, குப்பைக்கீரை இந்த வகை. கோரை கேட்காது, ஏனென்றால் அது கிழங்கிலிருந்து வருகிறது, கிழங்கில் இருக்கிற சத்து அந்த அடுக்கைத் துளைத்துக்கொண்டு மேலே வரப் போதும். கொரியன் புல்லுக்குள் வேரோடு பரவுகிற அருகு கேட்காது. பழைய வேரிலிருந்து துளிர்க்கிற மூக்கிரட்டை கேட்காது. பார்த்தீனியம், வெட்டுக்காயப் பூண்டு, கானாவாழை மாதிரியானவற்றில் இந்த மருந்து பலவீனம்தான், அவற்றைக் கையால் பிடுங்குவதே நல்லது. உங்கள் தரையில் முக்கால்வாசி கோரைதான் என்றால் இந்த மருந்துக்குச் செலவு செய்யாதீர்கள், அதற்குத் தனி வைத்தியம்.

என்ன களை மண்ணுக்குள் காத்திருக்கிறது என்று தெரியாவிட்டால் ஒரு சுலபமான சோதனை உண்டு. புல்தரையில் நாலைந்து இடத்தில் மேல் மண்ணை ஒரு அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, ஒரு பழைய தட்டில் பரப்பி, தினமும் தண்ணீர் தெளித்து வெயில் படுகிற இடத்தில் வையுங்கள். இரண்டு வாரத்தில் என்னென்ன வருகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். கோரை முனை நிறைய வந்தால் ஒரு முடிவு, புல்லும் சாரணையும் வந்தால் வேறு முடிவு.

இப்போது நாள். இணையத்தில் இதைப் பற்றித் தேடினால் வருவதெல்லாம் அமெரிக்கக் கணக்கு. அங்கே பல இடங்களில் குளிர்காலத்தில் மண் உறைந்து கிடக்கும், வசந்தத்தில் மண் சூடு 12, 13 டிகிரியைத் தொட்டுச் சில நாள் நிலைத்தால் களை விதை முளைக்கும், அதனால் அவர்கள் மண்ணுக்குள் வெப்பமானி குத்திப் பார்த்து அடிக்கிறார்கள். நமக்கு அந்தக் கணக்கே கிடையாது. மார்கழி விடியலில்கூட மதுரையில் காற்று 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், விதை முளைப்பதற்குச் சூடு நமக்கு ஒருநாளும் குறையில்லை. குறைவது ஈரம். வறண்டு கிடந்த மண்ணில் முதல் நல்ல மழை விழுந்ததும், காத்திருந்த விதை எல்லாம் ஒரே வாரத்தில் மொத்தமாக எழும். ஆகவே நம் கடிகாரம் மழைதான், மருந்து அந்த மழைக்கு முன்னால் மண்ணில் இருக்க வேண்டும்.

மதுரைக்கு அதிக மழை ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. ஆனால் களை அதுவரைக்கும் காத்திருக்காது. ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும் சாயங்காலம் இடி இடித்து ஊற்றுகிற மழையிலேயே முளைத்துவிடும். செய்தியில் பருவமழை தொடங்கியது என்று சொல்வது அக்டோபர் மூன்றாவது வாரத்தை ஒட்டி, அதை நம்பி உட்கார்ந்திருந்தால் தாமதம். என் கணக்கில் ஆவணி மூன்றாவது வாரத்திலிருந்து புரட்டாசி முதல் வாரத்துக்குள், அதாவது செப்டம்பர் முதல் பாதியிலிருந்து இருபதாம் தேதிக்குள் அடித்துவிட வேண்டும். இரண்டாவது நேரம் கோடை மழைக்கு முன்னால், பங்குனிக் கடைசியில். அழகர் ஆற்றில் இறங்குகிற சமயத்தில் பெய்கிற மழை ஒரு சுற்று களையைக் கிளப்பிவிடும், அதற்கு முன்னால் மருந்து இறங்கியிருக்க வேண்டும். ஆடியில் அடிக்கவே அடிக்காதீர்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், தெளிப்பான் புகை பக்கத்து வீட்டு மல்லிகைப் பதியனுக்கும் கீரைப் பாத்திக்கும்தான் போகும்.

வருடம் முழுவதும் தினமும் தண்ணீர் பாய்ச்சுகிற புல்தரை என்றால் கதை கொஞ்சம் வேறு. அங்கே மழைக்காகக் காத்திருக்கிற விதை குறைவு, எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக முளைத்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட தரையில் இருக்கிற களையை முதலில் சுத்தமாகப் பிடுங்கிவிட்டு, அதை முடித்த அன்றைக்கோ மறுநாளோ மருந்து அடிக்க வேண்டும். பிடுங்கி ஒரு வாரம் கழித்து அடித்தால் அதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிடும்.

கடையில் கேட்கும்போது பெண்டிமெத்தலின் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். களை மருந்து என்று பொதுவாகக் கேட்டால் கிளைபோசேட் கையில் வரலாம், அது உங்கள் புல்லையும் சேர்த்துக் கருக்கிவிடும். பியூட்டாகுளோரும் பிரெட்டிலாகுளோரும் நெல் வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது போடுகிற மருந்து, நமக்கு வேண்டாம். அட்ரசின் சோளத்துக்கும் கரும்புக்கும் உரியது, பச்சையாக வளர்ந்துகொண்டிருக்கிற அருகம்புல் தரையைக் கெடுக்கும், மண்ணில் இறங்கி நிலத்தடி நீருக்கும் போகக் கூடியது. வீட்டுக்குப் பக்கத்திலேயே போர் வைத்திருக்கிற நாம் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

பெண்டிமெத்தலின் இரண்டு வகையில் வரும். 30 சதவீத ஈ.சி. என்பது எண்ணெய் மாதிரி, மஞ்சளாக, வாடை தூக்கலாக இருக்கும். 38.7 சதவீத சி.எஸ். என்பது மருந்தை நுண்ணிய உறைக்குள் அடைத்தது, வாடையும் கறையும் குறைவு, வெயிலில் ஆவியாகிப் போவதும் குறைவு. விலை கொஞ்சம் கூடினாலும் வீட்டுக்கு நான் சொல்வது இரண்டாவதைத்தான்.

ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிட வேண்டும். இங்கே விற்கிற பாட்டிலின் லேபிளில் பருத்தி, சோயா, வெங்காயம் என்று பயிர்களின் பெயர்தான் இருக்கும், புல்தரை இருக்காது. வெளிநாட்டில் புல்தரைக்கு என்றே இந்த மருந்தைப் பல காலமாக விற்கிறார்கள், அங்கே அளவும் இதைவிடக் கூடுதல். அந்த அளவை அப்படியே எடுத்து இங்கே ஊற்றாதீர்கள். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, அங்கே போய் உங்கள் புல் வகையையும் மண்ணையும் சொல்லி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, முதல் தடவை ஒரு ஓரத்தில் நாலுக்கு நாலடி இடத்தில் மட்டும் அடித்து மூன்று வாரம் பார்த்த பிறகு முழுத் தரைக்கும் போவதுதான் முறை. அதனால் இந்த வேலையை செப்டம்பரில் செய்ய நினைத்தால் ஆகஸ்டிலேயே தொடங்க வேண்டும்.

அளவுக்கு நம் சென்ட் கணக்கே வசதி. 30 ஈ.சி. வகைக்குப் பயிர்களில் ஏக்கருக்கு 1.3 லிட்டர் என்பது வழக்கமான அளவு, ஏக்கருக்கு நூறு சென்ட், ஆகவே சென்ட்டுக்கு 13 மில்லி. 38.7 சி.எஸ். ஏக்கருக்கு 700 மில்லி, சென்ட்டுக்கு 7 மில்லி. இரண்டுக்கும் தண்ணீர் சென்ட்டுக்கு 2 லிட்டர். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. உங்கள் தரை 20 அடிக்கு 30 அடி என்றால் 600 சதுர அடி, கிட்டத்தட்ட 1.4 சென்ட். அதற்கு 30 ஈ.சி. 18 மில்லி, தண்ணீர் 2.75 லிட்டர், அவ்வளவுதான். ஒரு மூடி, இரண்டு மூடி என்று குத்துமதிப்பாக ஊற்றுகிறவர்கள் இந்த அளவைப் போல மூன்று மடங்கு ஊற்றிவிட்டு, புல் வேர் பிடிக்கவில்லையே என்று கவலைப்படுகிறார்கள். மருந்துக் கடையில் ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு வாங்கி, இதற்கு மட்டும் என்று தனியாக, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் மண் மருந்தை அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், மேலூர், அழகர்கோவில் பக்கத்துச் சரளைச் செம்மண் குறைவாகப் பிடிக்கும். சரளை மண்ணில் மேலே சொன்ன அளவைத் தாண்டவே கூடாது. கரிசலில் இன்னொரு தொல்லை, கோடையில் வெடிப்பு விடும், வெடிப்பு விட்ட இடத்தில் அடுக்கு அறுந்துபோகும், களை அந்தக் கோட்டிலேயே வரிசையாக முளைக்கும். அடிப்பதற்கு ஒரு வாரம் முன்னால் சலித்த மண்ணைத் தூவி வெடிப்பை நிரப்பி, தண்ணீர் விட்டு மண்ணை மூட வைத்துவிடுங்கள்.

அடிப்பதற்கு இரண்டு நாள் முன்னால் புல்லை வெட்டி, வெட்டிய புல்லையும் வேப்பஞ்சருகையும் சுத்தமாகக் கூட்டி எடுங்கள். சருகு மேல் விழுகிற மருந்து மண்ணுக்குப் போய்ச் சேராது. முளைத்து நிற்கிற களையை எல்லாம் வேரோடு பிடுங்கிவிடுங்கள். தரை லேசான ஈரத்தோடு இருப்பது நல்லது, சேறாக இருக்கக் கூடாது.

தெளிப்பானில் பூச்சி மருந்துக்குப் போடுகிற கூம்பு நாசிலைக் கழற்றிவிட்டு, விசிறி மாதிரி விரிகிற தட்டை நாசில் போடுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் அடுக்கு சீராக விழுவது இதில்தான் இருக்கிறது. முதலில் வெறும் தண்ணீரில் ஒத்திகை பாருங்கள்: இரண்டு திசையில் பாதிப் பாதியாக அடிக்கப் போவதால் 1 லிட்டர் மட்டும் ஊற்றி, ஒரு சென்ட் இடத்தை அளந்து கயிறு கட்டி, ஒரே வேகத்தில் நடந்து அடியுங்கள். பாதியிலேயே தீர்ந்தால் வேகமாக நடக்க வேண்டும், மிச்சம் இருந்தால் மெதுவாக. நடை பிடிபட்ட பிறகு மருந்தைக் கலக்கி, பாதியைக் கிழக்கு மேற்காகவும் மீதியைத் தெற்கு வடக்காகவும் அடித்தால் விட்டுப்போன இடம் இருக்காது. தூரத்து மூலையிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி நடந்து வாருங்கள், அடித்த இடத்தை மிதிக்க வேண்டாம். நடுநடுவே தெளிப்பானைக் குலுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்து பிரிந்து நிற்கும். மணலில் கலந்து தூவலாமே என்று சிலர் சொல்வார்கள். நெல் வயலில் நிற்கிற தண்ணீர் மருந்தைப் பரப்பிவிடும், புல்தரையில் தூவிய இடத்தில் மட்டும் தங்கும், ஆகவே தெளிப்பதுதான் சரி.

அடிக்கும்போது ஒரு பழைய சாக்கை ஓரத்தில் விரித்துவிட்டு அதன் மேலேயே அடித்துக்கொண்டு போங்கள், முடிந்ததும் சாக்கை எடுத்துவிடுங்கள். அந்தச் சதுரத்தில் மருந்து இல்லை. மழைக்குப் பிறகு அங்கே களை மொய்த்து, மற்ற இடம் சுத்தமாக இருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது. இரண்டு இடமும் ஒரே மாதிரி இருந்தால் நாளோ அளவோ தண்ணீரோ எங்கேயோ தவறியிருக்கிறது. இது இல்லாமல் வெறும் கண் மதிப்பில் எந்த முடிவுக்கும் வர முடியாது.

நேரம் காலை ஒன்பது மணிக்குள், காற்று இல்லாதபோது. முழுக்கை சட்டை, கையுறை, முகக்கவசம், மூடின செருப்பு அவசியம். மஞ்சள் கறை சிமெண்ட் தரையிலும் டைல்ஸிலும் வெள்ளை வேட்டியிலும் ஒட்டினால் போகாது, நடைபாதை ஓரத்தில் அடிக்கும்போது ஒரு அட்டையை மறைப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பட்டுவிட்டால் உடனே கழுவுங்கள்.

அடித்த பிறகு தண்ணீர் விடுவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். மருந்து புல் இலையிலும் மண் மேலேயும் கிடந்தால் வெயிலில் ஆவியாகும், வெளிச்சத்திலேயே சிதையும். நம் வெயிலில் அதைச் சொல்லவே வேண்டாம். அன்றைக்கே, முடிந்தால் வெயில் ஏறுவதற்குள், அரை அங்குலம் தண்ணீர் இறங்க வேண்டும். அரை அங்குலம் என்றால் சென்ட்டுக்குச் சுமார் 500 லிட்டர், அதாவது 2 சென்ட் தரைக்கு 1000 லிட்டர் தொட்டி ஒன்று முழுசாக. ஹோஸை வைத்து மேலாக நனைத்துவிட்டு வந்தால் போதாது. நேரான சுவர் உள்ள டம்ளர் நாலைந்தைத் தரையில் வைத்து, ஒன்றே கால் சென்டிமீட்டர் தண்ணீர் சேர்கிறதா என்று பாருங்கள். கரிசலில் ஒரே மூச்சில் விட்டால் வழிந்து ஓடும், தேங்க ஆரம்பித்ததும் நிறுத்தி, அரை மணி நேரம் விட்டு மறுபடி விடுங்கள். சாயங்காலம் தூறல் வந்தால் நல்லது, ஆனால் கனமழை வரும் என்று வானம் சொல்கிற நாளில் அடிக்காதீர்கள், மருந்து சாக்கடைக்குப் போகும். இந்த மருந்து மீனுக்குக் கடும் விஷம், தெளிப்பானைக் கண்மாயிலோ கிணற்றடியிலோ கழுவக் கூடாது. கழுவிய தண்ணீரை அதே புல்தரையில் பரவலாகத் தெளித்துவிடுங்கள்.

குழந்தைகளும் நாயும் தண்ணீர் விட்டுத் தரை நன்றாகக் காயும் வரை அங்கே போக வேண்டாம். அதைவிட நம் வீடுகளில் கவனிக்க வேண்டியது வேறு. புல்தரையிலிருந்து அருகம்புல் பறித்து ஜூஸ் போடுகிறவர்கள், கீழாநெல்லி பிடுங்குகிறவர்கள், பருப்புக்கீரை ஆய்கிறவர்கள் நிறைய. பக்கத்து வீட்டுப் பாட்டி பிள்ளையாருக்கு அருகம்புல் கேட்டு வருவார், பூஜை முடிந்து அதுவே யார் வாயிலாவது போகும். விநாயகர் சதுர்த்தி பெரும்பாலும் ஆவணியில் வருவதால் அடிக்கிற நாளும் அதுவும் நெருங்கியே இருக்கும். மருந்து அடித்த தரையில் எதையும் சாப்பிடப் பறிக்கக் கூடாது, வெட்டிய புல்லை மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும், புல் வெட்ட வருகிற அண்ணனுக்கும், வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

புதிதாகப் பதித்த புல்லுக்கு இந்த மருந்து ஆகாது. அது வேர் பிடிக்க வேண்டிய நேரம், இந்த மருந்தோ வேரை வளரவிடாது. பதித்து மூன்று மாதம் ஆகி, ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தால் மண்ணை விடாமல் நிற்கிறது என்றால்தான் யோசிக்கலாம். வழுக்கை விழுந்த தரையிலும் வேண்டாம், கணுக்கள் பக்கவாட்டில் ஓடி வேர் ஊன்றித்தான் அந்த இடம் மூட வேண்டும், அதை இது தடுத்துவிடும். முதலில் தரையை மூட வையுங்கள். விதை தூவுகிற எண்ணம் இருந்தால் அந்தப் பருவத்துக்கு மருந்தை மறந்துவிடுங்கள்.

அடித்த பிறகு தரையைக் கொத்தவோ மண் புரட்டவோ கூடாது. நம் சூட்டிலும் ஈரத்திலும் இதன் பலம் சுமார் இரண்டு மாதம். செப்டம்பர் நடுவில் அடித்தது நவம்பர் நடுவில் தளர ஆரம்பிக்கும், கார்த்திகை மழை அப்போதும் மிச்சம் இருக்கும். சாக்குச் சதுரத்தில் புதுக் களை இன்னும் வந்துகொண்டிருந்தால் இன்னொரு தடவை அதே அளவு அடிக்கலாம், வரவில்லை என்றால் வேண்டாம். வருடா வருடம் இதே மருந்தை மட்டும் நம்பவும் கூடாது, காட்டுக் கேழ்வரகு இந்தக் குடும்பத்து மருந்துகளுக்குப் பிடிகொடுக்காமல் போனது அமெரிக்காவில் 1970களிலேயே தெரிந்த விஷயம்.

கோரைக்கு வருவோம். அது பெரும்பாலும் வெளியிலிருந்து நாமே கொண்டுவருவது: கண்மாய் வண்டல், செம்மண் லோடு, மட்காத தொழு உரம், புல் கார்பெட்டின் அடி மண். கிடங்கில் போய்ப் புல் வாங்கும்போதே அடி மண்ணைப் புரட்டிக் கிழங்கு இருக்கிறதா என்று பாருங்கள். தரையில் வந்துவிட்டால் ஆரம்பத்திலேயே மண்ணோடு தோண்டிக் கிழங்கை எடுப்பதுதான் மலிவு. பரவிவிட்டால் ஹாலோசல்பூரான் மீத்தைல் என்ற மருந்து உண்டு, அது முளைத்து வளர்ந்த கோரையின் இலை மேல் அடிப்பது. இங்கே அது கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் விற்கிறது, அதையும் கேட்டுவிட்டு, ஓரத்தில் சோதித்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

மீதி மருந்தைப் பாட்டிலிலேயே பூட்டி வையுங்கள், தண்ணீர் பாட்டிலுக்கோ எண்ணெய் பாட்டிலுக்கோ மாற்றாதீர்கள். காலி பாட்டிலை மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரையும் தெளிப்பானிலேயே ஊற்றி, பாட்டிலில் ஓட்டை போட்டுவிடுங்கள், பழைய பேப்பர்காரர் எடுத்துப் போய் யாரும் மறுபடி பயன்படுத்தாமல் இருக்க.